உங்கள் கொலஸ்ட்ரால் அறிக்கை என்ன சொல்கிறது?

சுகாதாரப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த சில நாட்களில் முடிவுகள் வந்துவிடும். ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் மூலம் நுழைந்து பார்க்கலாம், அல்லது மருந்தகத்தில் அச்சிட்ட தாளாகப் பெற்றுக்கொள்ளலாம். அதில் நான்கைந்து வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே தசமப் புள்ளியுடன் ஓர் எண், சில எண்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி. பலரும் அந்தக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இருந்தால் கவலைப்படுகிறார்கள், இல்லாவிட்டால் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். குறி விழுந்த அறிக்கை சில சமயம் நல்ல செய்தியாக இருக்கும். குறியே இல்லாத அறிக்கையிலும் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம் இருக்கக்கூடும். அது எப்படி என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

கொலஸ்ட்ரால் அதிகமாக இருப்பதற்கு அறிகுறி எதுவும் கிடையாது. தலை சுற்றாது, கால் வலிக்காது, பசி குறையாது. ரத்தக் குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிவு சேர்ந்துகொண்டே வரும். ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைபடும். அடைப்பு இதயத்தில் ஏற்பட்டால் மாரடைப்பு, மூளையில் ஏற்பட்டால் பக்கவாதம். சிலருக்கு முதல் அறிகுறியே மாரடைப்பாக இருந்துவிடுகிறது. “எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று சொல்பவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை தேவைப்படுகிறது.

கொழுப்பு வேறு, கொலஸ்ட்ரால் வேறு

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. உடலில் சேரும் சதையையும், சமையல் எண்ணெயில் இருப்பதையும், ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலையும் “கொழுப்பு” என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். வாய்த்துடுக்குக்கும் அதே சொல்தான். இதனால் ஒல்லியாக இருப்பவர் “எனக்கு ஏது கொழுப்பு?” என்று பரிசோதனையைத் தவிர்த்துவிடுகிறார். ஒல்லியானவர்களுக்கும் கொலஸ்ட்ரால் அதிகமாக இருக்கலாம். பருமனானவர்களுக்குச் சரியான அளவிலும் இருக்கலாம். குழப்பத்தைத் தவிர்க்க, ரத்தத்தில் இருப்பதை இந்தக் கையேட்டில் கொலஸ்ட்ரால் என்றே எழுதுகிறோம்.

கொலஸ்ட்ரால் நஞ்சு அல்ல. உயிரணுக்களின் சுவருக்கும், ஹார்மோன்களுக்கும், செரிமானத்துக்கு உதவும் பித்தநீருக்கும் அது வேண்டும். அதில் பெரும்பகுதியை நம் உடலே, முக்கியமாகக் கல்லீரல், தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவது சிறு பகுதி. சைவ உணவு சாப்பிடுபவர்களுக்கும் கொலஸ்ட்ரால் உயர்வதற்கு இதுவே காரணம்.

எண்ணெய் தண்ணீரில் கரையாததுபோல் கொலஸ்ட்ராலும் ரத்தத்தில் கரைவதில்லை. அதனால் புரதத்தால் ஆன சிறு பொதிகளில் ஏறிப் பயணம் செய்கிறது. எல்டிஎல் என்ற பொதி கொலஸ்ட்ராலை உடலெங்கும் கொண்டுபோகிறது. அளவுக்கு மீறினால் வழியில் ரத்தக் குழாய்ச் சுவரிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். எச்டிஎல் என்ற பொதி மிஞ்சியதைத் திரும்பக் கல்லீரலுக்கு எடுத்து வருகிறது. “கெட்ட கொலஸ்ட்ரால்”, “நல்ல கொலஸ்ட்ரால்” என்று சொல்வது இவற்றைத்தான். உண்மையில் இரண்டிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால்தான். வண்டியும் அது போகும் திசையும்தான் வேறு.

அறிக்கையில் உள்ள நான்கு வரிகள்

சிங்கப்பூரில் கொலஸ்ட்ராலை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த அளவில் உள்ளவை.

மொத்த கொலஸ்ட்ரால் 5.2க்குக் கீழே இருப்பது விரும்பத்தக்கது. 5.2 முதல் 6.1 வரை எல்லைக்கோட்டில் உள்ளது, 6.2 அல்லது அதற்கு மேல் அதிகம்.

மருத்துவர் முதலில் பார்க்கும் வரி எல்டிஎல். 2.6க்குக் கீழே இருந்தால் மிக நன்று. 2.6 முதல் 3.3 வரை விரும்பத்தக்கது, 3.4 முதல் 4.0 வரை எல்லைக்கோடு, 4.1 முதல் 4.8 வரை அதிகம், 4.9 முதல் மிக அதிகம்.

எச்டிஎல் 1.0க்குக் கீழே போகக்கூடாது. 1.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது.

ட்ரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. நாம் செலவழிக்காத மாவுச்சத்தும் சர்க்கரையும் மதுவும் இப்படி மாறிச் சேமிக்கப்படுகின்றன. 1.7க்குக் கீழே மிக நன்று, 2.2 வரை ஏற்கத்தக்கது, 2.3 முதல் அதிகம், 4.5 முதல் மிக அதிகம். இந்த எண் மிகவும் ஏறிவிட்டால் இதயத்துக்கு மட்டுமன்றிக் கணையத்துக்கும் ஆபத்து. கணைய அழற்சி கடும் வயிற்று வலியுடன் வரும்.

மொத்த கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று பேரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாமவருக்கு மொத்தம் 5.4. குறி விழுந்திருக்கிறது. ஆனால் அவருடைய எச்டிஎல் 2.0, ட்ரைகிளிசரைடு 0.9, எல்டிஎல் ஏறத்தாழ 3.0. மொத்தம் உயர்ந்ததற்கு முக்கியக் காரணம் எச்டிஎல். இரண்டாமவருக்கு மொத்தம் 5.0. அந்த வரியில் குறி இல்லை. ஆனால் எச்டிஎல் 0.8, ட்ரைகிளிசரைடு 2.2, எல்டிஎல் 3.2. குறி விழுந்த முதலாமவரைவிட இவரைப் பற்றித்தான் மருத்துவர் அதிகம் யோசிப்பார். மூன்றாமவருக்கு மொத்தம் 6.0, எச்டிஎல் 1.1, ட்ரைகிளிசரைடு 2.2, எல்டிஎல் 3.9. இவர் பேச வேண்டியவர் என்பதில் சந்தேகமில்லை.

மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பார்ப்பது எளிய வழி. முதலாமவருக்கு 3.4 வரும், இரண்டாமவருக்கு 4.2, மூன்றாமவருக்கு 4.9. ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லாவற்றின் கூட்டுத்தொகை அது. சில அறிக்கைகளில் இது தனி வரியாகவே இருக்கும்.

பல ஆய்வகங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, மற்ற மூன்று எண்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து வருவதையும் கழித்தால் எல்டிஎல் கிடைக்கும். மூன்றாமவரின் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு சரியாக வராது. எல்டிஎல் வரி காலியாக இருந்தாலோ, “கணக்கிட இயலவில்லை” என்று வந்தாலோ பெரும்பாலும் காரணம் இதுதான். இயந்திரக் கோளாறு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது ட்ரைகிளிசரைடு மிக அதிகம் என்பதற்கான செய்தி.

எச்டிஎல் பற்றி ஒரு தவறான ஆறுதல் பரவியிருக்கிறது: “நல்ல கொலஸ்ட்ரால் அதிகம், அதனால் கெட்டது அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.” ஒன்று மற்றொன்றை அழித்துவிடுவதில்லை. மருந்து கொடுத்து எச்டிஎல்லை உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. எல்டிஎல்லைக் குறைத்தபோதுதான் குறைந்தது. எல்டிஎல் 1.0 குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆண்டுகள் கூடக்கூடப் பலனும் கூடும்.

ஊரில் எடுத்த அறிக்கை

விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வருபவர்கள் உண்டு. அங்கிருக்கும் பெற்றோரின் அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். அங்கே 200 என்று இருப்பது இங்கே ஏறத்தாழ 5.2. கொலஸ்ட்ரால் வரிகள் மூன்றையும் 38.7ஆல் வகுத்தால் சிங்கப்பூர் எண் வரும். ட்ரைகிளிசரைடை மட்டும் 88.6ஆல் வகுக்க வேண்டும். அங்கே 150 என்றால் இங்கே 1.7.

பழைய இந்திய அறிக்கையையும் புதிய சிங்கப்பூர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து “190இலிருந்து 5க்கு இறங்கிவிட்டது” என்று மகிழ வேண்டாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். மருத்துவரைப் பார்க்கும்போது அந்த அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய எண் தெரிந்தால் ஏற்றமா இறக்கமா என்று அவரால் சொல்ல முடியும்.

ஒரே எண், இருவருக்கு இரு பொருள்

எல்டிஎல் 3.2 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வரையறைப்படி அது விரும்பத்தக்க அளவு. புகைபிடிக்காத, ரத்த அழுத்தம் சீராக உள்ள 42 வயதுப் பெண்ணுக்கு அது பெரும்பாலும் போதுமானது. அதே 3.2 நீரிழிவு உள்ள 58 வயது ஆணுக்கு அதிகம். மாரடைப்பு வந்து குணமானவருக்கு மிக அதிகம். அவருக்கு மருத்துவர் 1.8க்குக் கீழேயும், சிலருக்கு 1.4க்குக் கீழேயும் இலக்கு வைப்பார். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் வரையறை பொதுவானது. உங்களுக்கான இலக்கு எது என்பது அந்தத் தாளில் இருக்காது.

இலக்கை முடிவு செய்ய, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவர் கணக்கிடுகிறார். வயது, பாலினம், இனம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவை அதில் சேரும். நீரிழிவும் சிறுநீரக நோயும் ஆபத்தை உயர்த்துகின்றன.

இனம் ஏன் வருகிறது என்று கேட்கலாம். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எச்டிஎல் குறைவாகவும், வயிற்றைச் சுற்றிச் சேரும் சதை அதிகமாகவும் இருப்பது இந்தியர்களிடம் பொதுவான தோற்றம். மாரடைப்பு இளம் வயதிலேயே வருவதும் உண்டு. எடையைப் பற்றிய வரையறையும் இதனால் மாறுகிறது. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். வீட்டில் தையல் நாடா இருந்தால் இதற்கு மருந்தகம் போகத் தேவையில்லை.

“அப்பா திடீரென்று போய்விட்டார்”

குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று தாதியோ மருத்துவரோ கேட்பார். “தெரியவில்லை” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பல குடும்பங்களில் இந்தக் கதை வேறு சொற்களில் சொல்லப்படுகிறது. அப்பா வேலைக்குப் போன இடத்தில் விழுந்துவிட்டார், பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், வாயுப் பிடிப்பு என்று நினைத்தோம். யாரும் அதை மாரடைப்பு என்று பெயரிட்டிருக்க மாட்டார்கள்.

அம்மாவிடமோ அத்தையிடமோ ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். யாருக்கு, எந்த வயதில் என்பதே முக்கியம். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 80 வயதில் தாத்தாவுக்கு வந்ததற்கு அவ்வளவு எடை இல்லை.

எல்டிஎல் 4.9 அல்லது அதற்கு மேல் இருந்தால் பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். இது பிறவியிலேயே வருவது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வழி கல்லீரலில் சரியாக இயங்குவதில்லை. இவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. “நாக்கைக் கட்டுப்படுத்தவில்லை” என்று யாரும் இவர்களைக் குறை சொல்லக்கூடாது. சிலருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் தடிப்பு தோன்றும், சிலருக்குக் கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் திட்டு இருக்கும். பலருக்கு எதுவுமே தெரியாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இதைக் கண்டறியும் தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டம் 2025இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. மருத்துவரே உங்களை அதற்குப் பரிந்துரைப்பார். உங்களுக்கு இருப்பது உறுதியானால் உங்கள் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லாரும் பரிசோதிக்கப்பட வேண்டும். குடும்பத்தில் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ரத்தம் கொடுக்கப் போகும் முன்

கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு இப்போது எப்போதும் வெறும் வயிறு தேவைப்படுவதில்லை. சாப்பிட்டால் மொத்தமும் எச்டிஎல்லும் பெரிதாக மாறாது, ட்ரைகிளிசரைடுதான் ஏறும். மருந்தகம் வெறும் வயிற்றில் வரச் சொன்னால், 8 முதல் 10 மணி நேரம் உணவோ பால் கலந்த தேநீரோ வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் நரம்பு எளிதாகக் கிடைக்கும்.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பட்டினியோடு அதை எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். காய்ச்சலோ பெரிய நோயோ வந்து சில வாரங்களே ஆகியிருந்தால் தேதியை ஒத்திவையுங்கள். அப்போது எல்டிஎல் உண்மை அளவைவிடக் குறைவாகக் காட்டும். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே உயரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உயரும். அதனால்தான் சிலருக்கு மருத்துவர் தைராய்டு பரிசோதனையும் எழுதிக் கொடுக்கிறார்.

முந்தின வாரம் மட்டும் பிரியாணியை நிறுத்திவிட்டு வருவதில் பயன் இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் படிப்பது போன்றது அது. பரிசோதனை உங்கள் வழக்கமான வாழ்க்கையை அளக்க வேண்டும். 3.3க்கும் 3.5க்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை. ஒரே மனிதருக்கே வாரத்துக்கு வாரம் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்.

சாப்பாடு

முட்டை மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்புடன் நெய்ச் சோறு சாப்பிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோருக்கு எல்டிஎல்லை ஏற்றுவது உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட, நிறைவுற்ற கொழுப்புதான். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், கொழுப்பு நீக்காத பால், ஆட்டுக்கறியின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றில் அது அதிகம். புட்டியின்மேல் “கொலஸ்ட்ரால் இல்லை” என்று எழுதியிருப்பது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணிசமாக இருக்காது. ஆனால் பாமாயிலில் ஏறக்குறைய பாதியும் தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு. எண்ணெய் வாங்கும்போது புட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

முன்பு வனஸ்பதியிலும் சில மார்ஜரின்களிலும் இருந்த, ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட எண்ணெய் 2021 ஜூன் முதல் சிங்கப்பூரில் உணவுப் பொருட்களில் தடைசெய்யப்பட்டுள்ளது. வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டுவரும் பலகாரத்துக்கு இந்த உறுதி இல்லை.

உணவங்காடியில் என்ன செய்வது? புரோட்டா இரண்டைத் தோசையாக மாற்றலாம். குழம்பை மேலே ஊற்றச் சொல்லாமல் தனியாகக் கேட்கலாம். தே தாரேக்கில் உள்ள கெட்டிப்பாலில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே வருகின்றன. நாளுக்கு மூன்று கோப்பை குடிப்பவர் இரண்டையாவது “தே ஓ கோசோங்” என்று கேட்டால் ட்ரைகிளிசரைடுக்கு நல்லது. முதல் வாரம் கசக்கும். பொட்டல பானங்களில் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் எழுத்து இருக்கும். அது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துக் கொடுக்கப்படுவது.

சேர்க்க வேண்டியவை நம் சமையலில் ஏற்கெனவே உண்டு. பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா ஆகியவற்றிலும் ஓட்ஸிலும் உள்ள நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றுகிறது. ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பகுதி முழுதானியச் சோறு அல்லது சப்பாத்தி, கால் பகுதி மீன், கோழி, பருப்பு அல்லது தவ்ஃபூ. சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு முருங்கைக்காய் அந்தப் பாதியில் சேராது!

இவ்வளவும் செய்தால் எல்டிஎல் 10 முதல் 15 விழுக்காடு இறங்கலாம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை எச்டிஎல்லைச் சற்று ஏற்றி ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். புகைப்பதை நிறுத்துவது எந்த உணவு மாற்றத்தையும்விடப் பெரியது. ஓராண்டிலேயே இதய நோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது.

மாத்திரை எழுதிக் கொடுத்தால்

ஸ்டாட்டின் என்ற வகை மாத்திரைகள் கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கின்றன. அளவைப் பொறுத்து எல்டிஎல்லை 30 முதல் 50 விழுக்காடு வரை இறக்கும். தொடங்கி இரண்டு, மூன்று மாதங்களில் மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

பலர் தடுமாறும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. எண் இறங்கியிருக்கும். “சரியாகிவிட்டது, இனி எதற்கு?” என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எண் இறங்கியதற்குக் காரணமே அந்த மாத்திரை. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும், எந்த அறிகுறியும் இல்லாமல். குடை பிடித்ததால் நனையவில்லை என்பதற்காக மழையிலேயே குடையை மடக்குவதுபோல்தான் இது.

பக்கவிளைவு பற்றிய பயம் நியாயமானது, அதை மறைக்கத் தேவையில்லை. சிலருக்குத் தசை வலி வரும். அப்படி வந்தால் மாத்திரையைக் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், வேறு வகை மருந்தும் இருக்கிறது. வலி கடுமையாக இருந்தாலோ சிறுநீர் அடர் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை சிறிதளவு உயரலாம். ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெந்தயம், பூண்டு, கடையில் விற்கும் மூலிகைத் தூள் எதையும் மாத்திரைக்குப் பதிலாக எடுக்க வேண்டாம். கூடுதலாக எடுப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், திட்ட மாட்டார். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று விற்கப்படும் பொருளில் இயற்கையாகவே ஸ்டாட்டின் இருக்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

மற்றப் பரிசோதனைகள்

கொலஸ்ட்ராலோடு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்த்தே பார்க்கப்படும். ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இயல்பு, 140/90 முதல் உயர்வு. எச்பிஏ1சி கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். இதற்குப் பட்டினி வேண்டாம். 6.0 வரை இருந்தால் நீரிழிவு இருக்க வாய்ப்பில்லை. 6.1 முதல் 6.9 வரை என்றால் இன்னொரு பரிசோதனை தேவைப்படும், 7.0 முதல் நீரிழிவாக இருக்கலாம்.

40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இவை போதும். எண் எல்லைக்கோட்டில் இருந்தால் மருத்துவர் முன்னதாக வரச் சொல்வார். 50 வயது முதல் ஆண்களும் பெண்களும் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க இது உதவும். சிறு பெட்டியை வாங்கிவந்து வீட்டிலேயே மாதிரி எடுக்கலாம். அருவருப்பாகத் தோன்றும், சில நிமிட வேலைதான். பெண்கள் 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மார்பக ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும். கருப்பைவாய்ப் பரிசோதனை 25 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, 30 வயதிலிருந்து எச்பிவி பரிசோதனையாக ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை.

நிறையப் பரிசோதனை செய்தால் நிறையப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அறிகுறி இல்லாதவர்களுக்குப் புற்றுநோய்க் குறிகாட்டி ரத்தப் பரிசோதனைகள் போன்றவை தேவையற்ற பயத்தையும் மேலும் பரிசோதனைகளையும்தான் கொண்டுவரும். நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்துத் தொகுப்பு வாங்கும் முன் உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதைத் தாண்டியவர்கள் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். பதிந்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் இலவசம். ஒரே மருத்துவர் ஆண்டுதோறும் பார்த்தால் உங்கள் எண்கள் எப்படி நகர்ந்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 40 வயதுக்குக் கீழே இருந்தாலும், குடும்ப வரலாறோ உடல் பருமனோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். உயர் கொலஸ்ட்ரால் நாட்பட்ட நோய்கள் பட்டியலில் உள்ளது. அதற்கான சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம், சாஸ் அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள்.

இந்தப் பரிசோதனைகள் எல்லாம் நலமாக இருப்பவர்களுக்கானவை. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது வந்தால் பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் அறிக்கையையும், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். “என் எல்டிஎல் இலக்கு எவ்வளவு? அடுத்த பரிசோதனை எப்போது?” என்று கேட்டு, இரண்டு பதிலையும் அறிக்கையின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். பலதுறை மருந்தகத்தில் தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று பதிவு முகப்பில் கேட்டுப் பார்க்கலாம்.